பதினொரு போன்களோடு கப்பலேறியவர்

முருகையா அண்ணனின் சமையலை யாரும் புகழ்ந்து எழுதப்போவதில்லை. அவர் வைக்கிற பருப்புக் குழம்பில் பருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மீன் குழம்பு பரவாயில்லை. அதற்கும் காரணம் மீன்தான், அவர் இல்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன். "கப்பலு ஆடுறப்ப உப்பு கையில நிக்க மாட்டேங்குது டீச்சரம்மா" என்று சிரிப்பார். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக.

போர்ட் பிளேரிலிருந்து தெற்கே நிக்கோபார் தீவுகளுக்குப் போய்வரும் பயணிகள் கப்பலில் அவர் பண்டாரி. கப்பல் சமையல்காரரை இங்கே அப்படித்தான் சொல்வோம். கார் நிக்கோபாரையும் தாண்டி, இன்னும் தெற்கே இருக்கிறது எங்கள் தீவு. அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பியவர்கள் என்ற பெயரில் வந்தவர்கள். தாயகத்தை ஒழுங்காகச் சுற்றிப் பார்ப்பதற்குள் ரப்பர் பால் வெட்ட இந்தத் தீவில் இறக்கிவிடப்பட்டார்கள். அண்ணன் பிறந்தது இங்கேதான். அவரும் கொஞ்ச நாள் ரப்பர் வெட்டிப் பார்த்தார். விடியற்காலைக் கொசுவுக்குப் பயந்து இருபத்துநாலு வயதில் கப்பலேறினார். ஐம்பத்தொரு வயதாகியும் இன்னும் இறங்கவில்லை.

கப்பல் எங்கள் துறையில், இங்கே ஜெட்டி என்போம், ஆறு மணி நேரம் நிற்கும். அந்த ஆறு மணி நேரம்தான் அவருடைய குடும்ப வாழ்க்கை. வீட்டுக்கு ஓடுவார், குளிப்பார், மனைவி செல்லம் அக்கா கையால் சாப்பிடுவார், மகள் சௌமியாவின் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் புரிந்தது மாதிரி தலையாட்டுவார், ஹார்ன் அடித்ததும் திரும்ப ஓடுவார்.

என் பெயர் நளினி. போர்ட் பிளேரில் மரைன் ஹில் எங்கள் வீடு. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒப்பந்த அடிப்படையில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை கிடைத்தது. எந்தத் தீவு என்று தெரிந்ததும் மூன்று நாள் அழுதேன். பிறகு கப்பலில் இரண்டு நாள் வாந்தி எடுத்தேன். எலுமிச்சம்பழ ஊறுகாயை நாக்கில் வைத்து, "அவ்ளோதான், இன்னும் ஒரு ராத்திரி" என்று பொய் சொல்லிப் பொய் சொல்லியே கொண்டுவந்து சேர்த்தவர் முருகையா அண்ணன். பள்ளிக்கூடத்துக்குப் போனால் ஆறு கம்ப்யூட்டர் இருந்தன. உப்புக் காற்றில் இரண்டு ஏற்கெனவே செத்திருந்தன. இன்டர்நெட் மருந்துக்கும் இல்லை. ஜெட்டி மேட்டில் ஏறி நின்றால் போன் பேசலாம், மெசேஜ் வரும். அதற்கு மேல் எதையாவது திறந்தால் வட்டம் சுற்றும். அது சுற்றச் சுற்ற எனக்கும் தலை சுற்றும்.

நீச்சல் குளம் இல்லாத ஊருக்கு நீச்சல் டீச்சரை அனுப்பிய கதைதான் என்று அடுத்த கப்பல் வந்தபோது அண்ணனிடம் புலம்பினேன். அவர் வெங்காய மூட்டையை இறக்கிவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"அந்த இன்டர்நெட்டு இப்ப எங்க இருக்கு?"

"போர்ட் பிளேர்ல இருக்கு."

"அரே, அப்ப என்ன? நான் அங்கதானே போறேன். என்ன வேணும்னு சீட்டு எழுதிக் குடுங்க, வாங்கியாறேன்."

நான் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அதில் சிரிக்க ஒன்றுமில்லை. மரைன் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஜாபர் என்று ஒருவர் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். அவருக்கு ஒரு கடிதம், ஒரு பென் டிரைவ், பிள்ளைகளின் கேள்விகள் எழுதிய ஒரு நோட்டு. மூன்றையும் பால் பவுடர் டின்னில் போட்டு அனுப்பினேன். பன்னிரண்டு நாள் கழித்து டின் திரும்பி வந்தது. பென் டிரைவில் இதயம் துடிக்கிற வீடியோ, எரிமலை வீடியோ, தட்டச்சு பழகும் விளையாட்டு ஒன்று. எரிமலையைப் பார்த்துப் பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்புப் பாடம் நின்றுபோனது.

அப்படித்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கப்பலில் இன்டர்நெட் வர ஆரம்பித்தது. ஒரு பயணத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு கேள்வி என்பது ஜாபர் போட்ட விதி. பதில் வரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் என்பதால் பிள்ளைகள் ஒரே கேள்வியில் உலகத்தையே அடைத்துவிடுவார்கள். தீவில் எதற்கும் மனு எழுதியே பழகியவர்கள் இல்லையா, நோட்டின் முதல் பக்கத்திலேயே "மதிப்பிற்குரிய இன்டர்நெட் ஐயா அவர்களுக்கு" என்று ஒருத்தி எழுதிவிட்டாள். அதன்பின் எல்லோரும் அப்படியே எழுதினார்கள், கீழே கையெழுத்தும் போட்டார்கள். திருத்தலாமா என்று நினைத்தேன். அவ்வளவு மரியாதையை ஏன் கெடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அண்ணன் மட்டும் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். ஜாபர் கடையில் ஒரு தடவை ஆசைப்பட்டு மவுஸைத் தொட்டாராம். அந்த நிமிடம் பார்த்துத் தெருவில் கரண்ட் போயிற்று. தன்னால்தான் மரைன் ஹில் முழுக்க இருட்டாகிவிட்டது என்று அவர் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார். "நான் தபால்காரன். தபால்காரன் கவரைப் பிரிக்கக் கூடாது" என்று கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வார். அவர் பெண்ணோ நேர் எதிர். செத்துக் கிடந்த ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து, உள்ளே இருந்த ராம் என்கிற நினைவகத் தகட்டை எடுத்து, பென்சில் அழிக்கிற ரப்பரால் துரு போகத் தேய்த்து மாட்டி, அதற்கு உயிர் கொடுத்தவள் சௌமியா. அப்போது அவள் பத்தாம் வகுப்பு. நான் கம்ப்யூட்டர் டீச்சர் என்று சொல்லிக்கொள்ளவே அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

வீடியோ கப்பலில் வரும், பாடம் கப்பலில் வரும். கப்பலில் வராதது ஒன்று இருக்கிறது என்று போன வருடம்தான் தெரிந்தது. மெயின்லேண்ட் கல்லூரிகளில் தீவுப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குகிற இடங்களுக்கு ஆன்லைனில் மட்டும் விண்ணப்பிக்க வேண்டும் என்று வந்துவிட்டது. பிள்ளைகளுக்கோ அப்போது பரீட்சை நேரம். கப்பலேறிப் போர்ட் பிளேர் போய்த் திரும்ப முடியாது. விவரங்களை எழுதி ஜாபருக்கு அனுப்பினோம். அவர் ஒன்பது பேருக்கும் நிரப்பினார். நிரப்பியதும் வீட்டு போனுக்கு ஓடிபி போகும், ஆறு இலக்க எண். பத்து நிமிடத்துக்குள் அதைப் போட்டால்தான் விண்ணப்பம் ஏறும். ஜாபர் போர்ட் பிளேரில், போன் தீவில். ஒரு அப்பா தோட்டத்தில், ஒருவர் படகில், ஒருவர் வீட்டில் சிக்னல் இல்லாமல். நாலு பேருடைய விண்ணப்பம் அப்படியே நின்றது. அந்த வருடம் பன்னிரண்டு முடித்தவர்களுக்கு மட்டும்தான் அந்த இடம், அடுத்த வருடம் கேட்க முடியாது. அந்த நாலு பேரில் மீனா என்கிற பெண் கணக்கில் சூரப்புலி. இப்போது ஜெட்டியில் அவள் அப்பாவின் டீக்கடையில் நிற்கிறாள். டீ குடிக்கப் போனால் "டீச்சர்" என்று எழுந்து நிற்பாள். டீ எனக்கு இறங்காது.

இந்த வருடம் பதினொரு பேர். அதில் ஒருத்தி சௌமியா. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் தவிர வேறு எதையும் கேட்க அவள் தயாராக இல்லை. பெற்றோர் கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். யாரையாவது மேட்டிலேயே உட்கார வைக்கலாம், கலெக்டருக்கு மனுக் கொடுக்கலாம் என்றெல்லாம். கடைசியில் செல்லம் அக்கா எழுந்தார்.

"அந்த நம்பரு போனுக்குத்தானே வருது? அப்ப போனையே அனுப்பிட்டா என்ன?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

கப்பல் புறப்பட்ட அன்று ஜெட்டியில் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்புகிற மாதிரி ஒவ்வொருவரும் போனைத் துடைத்து, சார்ஜரைச் சுற்றி, பிளாஸ்டரில் பெயர் எழுதி ஒட்டிக் கொடுத்தார்கள். பூட்டு திறக்கும் ரகசியத்தை அண்ணன் காதில் சொன்னார்கள். ஒரு பையனின் அப்பா கோவிந்தராஜ் ரகசியமாகச் சொன்னது ஜெட்டி முழுக்கக் கேட்டது. ஒரு பிள்ளை வீட்டில் போனே இல்லாததால் என் நம்பரைக் கொடுத்திருந்தேன், ஆகவே எல்லாவற்றையும் போட எடுத்துவைத்த பெரிய பிஸ்கட் டின்னுக்குள் என் போனும் போனது. பத்துக் குடும்பத்துக்குப் பத்து போன். சௌமியாவுக்கு அண்ணனின் சொந்த போன் இருக்கிறது. ஆக மொத்தம் பதினொன்று. எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் மிஞ்சியது செல்லம் அக்காவின் போன் மட்டும். அதிலும் ரீசார்ஜ் முடிந்து வெளியே பேச முடியாது, வந்தால் எடுக்கலாம்.

பிள்ளைகள் விண்ணப்பத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சும்மா எழுதியதில்லை. போன வருடம் ஜாபர் ஒவ்வொரு திரையையும் பிரின்ட் எடுத்து அனுப்பியிருந்தார். அதை வைத்துத்தான் வகுப்பில் பழக்கியிருந்தேன். எந்தக் கட்டத்தில் என்ன, எங்கே அழுத்த வேண்டும், அழுத்தினால் அடுத்து என்ன வரும் என்று அம்புக்குறி போட்டுப் படமாகவே வரைந்திருந்தார்கள். வேடிக்கையான பாடம்தான். ஆனால் வேறு வழி இல்லை.

கடல் சரியில்லாமல் கப்பல் ஒன்றரை நாள் தாமதம். கடைசித் தேதி அன்று காலை ஒன்பது மணிக்குத்தான் போர்ட் பிளேரில் கட்டினார்கள். மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பத் தளம் மூடிவிடும். சிக்னல் கிடைத்ததும் டின்னுக்குள் பதினொரு போனும் ஒன்றாகக் கத்த ஆரம்பித்தன. அண்ணன் டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு மரைன் ஹில் ஏற்றத்தில் ஓடினார். அங்கே கடையில் ஜாபர் இல்லை. அவர் மனைவி ரஹ்மத்துன்னிசா ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அவரு தங்கச்சி கல்யாணத்துக்கு மெட்ராஸ் போனவருண்ணே. நேத்தே வரவேண்டிய கப்பலு இன்னும் நடுக்கடல்ல நிக்குது. போனும் போகல."

அண்ணன் செல்லம் அக்காவுக்கு அடித்துப் பார்த்தார். அவர் மனப்பாடமாக அறிந்த ஒரே நம்பர் அதுதான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அக்கா அப்போது வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். வேறு யாரைக் கூப்பிடுவது? தீவில் அவருக்குத் தெரிந்த எல்லோருடைய போனும் அவர் கையிலேயே இருந்தது.

வேறு பிரவுசிங் சென்டருக்குப் போகலாம் என்று அபர்டீன் பஜாருக்கு ஓடினார். ஒரு கடைக்குள் நுழைந்து, மேசையில் டின்னைக் கவிழ்த்துப் பதினொரு போனையும் பரப்பினார். கவுன்டரில் இருந்தவர் ஒரு தடவை போன்களைப் பார்த்தார், ஒரு தடவை அண்ணனைப் பார்த்தார்.

"அங்கிள், யே சப் கிஸ்கா போன் ஹை?"

யாருடைய போன்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்வதுதானே முறை. அண்ணன் உள்ளதைச் சொன்னார்.

"ஊர்க்காரங்க போனுங்க. ஓடிபி கே லியே லாயா."

ஓடிபிக்காக ஊரார் போன்களைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் யார் என்ன நினைப்பார்கள்? பேப்பரில் ஓடிபி மோசடிச் செய்திகளைப் படிக்கிற எவரும் நினைக்கிறதைத்தான் அந்தக் கடையில் இருந்த எல்லோரும் நினைத்தார்கள். வாசலில் நின்ற போலீஸ்காரரைக் கூப்பிட்டாயிற்று. அண்ணன் பிள்ளைகள், தீவு, பரீட்சை என்று சொல்லச் சொல்லக் கதை இன்னும் மோசமாகக் கேட்டது. அந்த நேரம் பார்த்து கோவிந்தராஜின் போன் அடித்தது. "எடுத்துப் பேசுங்க, யார் போன்னு தெரிஞ்சிரும்" என்று அண்ணன் சொல்ல, போலீஸ்காரரே எடுத்தார். அந்தப் பக்கம் மதுரையிலிருந்து கோவிந்தராஜின் மாமியார். நாலு நாளாகப் போன் எடுக்காத மருமகனுக்கென்று சேர்த்து வைத்திருந்த அத்தனையையும், எடுத்தது யார் என்று கேட்காமலே கொட்டிவிட்டார். போலீஸ்காரர் இரண்டு தடவை "அம்மா" என்றார், ஒரு தடவை "சரிம்மா, இனிமே எடுக்கிறேம்மா" என்றார். போனை அணைத்துவிட்டு, "இது குடும்பஸ்தன் போன்தான், கொண்டு போங்க" என்று திருப்பிக் கொடுத்தார். இதெல்லாம் முடிந்து திரும்பவும் மரைன் ஹில் ஏறியபோது மணி பன்னிரண்டேகால்.

"தங்கச்சி, கம்ப்யூட்டரை ஆன் பண்ணத் தெரியுமா?"

"அது தெரியும்ண்ணே. அதுக்கு மேல எனக்கு ஜெராக்ஸ்தான்."

"அவ்ளோ போதும். ஆன் பண்ணுங்க. மிச்சத்துக்குப் புள்ளைங்க வழி எழுதிக் குடுத்திருக்கு."

இதைப் பின்னால் என்னிடம் சொல்லும்போது அண்ணன் சர்வ சாதாரணமாகத்தான் சொன்னார். கரண்ட் போய்விடுமோ என்று பயந்து இத்தனை வருடம் மவுஸைத் தொடாத மனுஷன், கண்ணை ஒரு தடவை மூடித் திறந்துவிட்டுத் தொட்டிருக்கிறார்.

பந்தி பரிமாறப் பழகியவர் அல்லவா, கடைத் தரையில் பதினொரு காகிதங்களை வரிசையாக விரித்து, அதனதன் மேல் அதனதன் போனை வைத்தார். ரஹ்மத்துன்னிசா காகிதத்தைப் படிக்க, அண்ணன் ஒற்றை விரலால் குத்தினார். முதல் விண்ணப்பத்துக்கு ஐம்பது நிமிடம். அதில் பதினைந்து நிமிடம் மின்னஞ்சல் முகவரியில் வருகிற அந்தச் சுருட்டை எழுத்தைத் தேடியதிலேயே போனது. ஓடிபி வந்து, அதைப் போட்டு, "விண்ணப்பம் ஏற்கப்பட்டது" என்று திரையில் பார்த்ததும் ரஹ்மத்துன்னிசா "அல்லாவே!" என்று கத்தினாராம். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் பயந்துபோய்விட்டார். இரண்டாவதுக்கு அரை மணி. ஐந்தாவதுக்கு இருபது. ஒன்பதாவதை ஏழு நிமிடத்தில் முடித்தார். நடுவில் டீ வந்ததையும் ஆறியதையும் யாரும் கவனிக்கவில்லை. அடுத்தவர் பிள்ளைகளுக்கெல்லாம் முதலில், தன் பெண்ணுக்குக் கடைசியில். அதை அவர் யோசித்துச் செய்ததாகவே எனக்குத் தெரியவில்லை. கப்பலிலும் அவர் கடைசியில்தான் சாப்பிடுவார்.

நாலு நாற்பதுக்குச் சௌமியாவின் காகிதத்தை எடுத்தார். எல்லாம் போட்டாயிற்று. ஓடிபி அனுப்பியாயிற்று என்று திரை சொன்னது. அண்ணன் தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். வரவில்லை. இன்னும் பார்த்தார். வரவில்லை. ரஹ்மத்துன்னிசாதான் திரையில் சின்ன எழுத்தில் இருந்ததைக் கண்டுபிடித்தார். நாற்பத்தேழில் முடிகிற எண்ணுக்கு அனுப்பப்பட்டுள்ளது. அண்ணன் நம்பர் பன்னிரண்டில் முடியும். நாற்பத்தேழு செல்லம் அக்காவுடையது.

தப்பு என்னுடையது. பள்ளிப் பதிவில் இருக்கிற எண்ணைத்தான் அந்தத் தளம் தானாக எடுத்துக்கொள்ளும். மற்றப் பத்துப் பேருக்கும் ஒன்றுக்கு இரண்டு தடவை சரி பார்த்தேன். முருகையா அண்ணன் வீடுதானே, அப்பா நம்பர்தானே இருக்கும் என்று இவளுக்கு மட்டும் பார்க்கவில்லை. அப்பா எப்போதும் கடலில் என்பதால் ஒன்பதாம் வகுப்பிலேயே அம்மா நம்பரைப் பதிந்தவளும் நான்தான். இன்றைக்கு நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

நல்ல வேளையாக நாங்கள் எல்லோரும் மத்தியானத்திலிருந்தே ஜெட்டி மேட்டில்தான் இருந்தோம். வேலை முடிந்ததும் கூப்பிடுவதாக அண்ணன் சொல்லியிருந்தார். ஊரில் மிஞ்சிய ஒரே போனைக் கையில் பிடித்துக்கொண்டு செல்லம் அக்கா நடுவில், பதினொரு வீட்டு ஆட்கள் சுற்றி. சௌமியா நகத்தைக் கடித்துக் கடித்துக் கடிக்க நகமே மிச்சமில்லை. முதலில் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. அக்கா பார்த்தார். அடுத்து போன் அடித்தது. நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"செல்லம், நான்தான். போனுக்கு ஆறு நம்பரு வந்திருக்கும் பாரு. சட்டுனு சொல்லு."

காற்றில் குரல் கரகரவென்று வந்தது. அக்காவின் முகம் மாறியது. அந்த முகம் எனக்குத் தெரியும், ஏனென்றால் அதைத் தயார் செய்தவள் நான். போன ஜூலையில் அம்மாக்களுக்கென்று மூன்று சனிக்கிழமை போன் வகுப்பு எடுத்தேன். எதை மறந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது என்று எல்லோரையும் எழுந்து நிற்க வைத்துச் சொல்ல வைத்தேன். ஓடிபியை யாருக்கும் சொல்லாதே. தெரிந்த நம்பரிலிருந்து வந்தாலும் சொல்லாதே. கட்டின புருஷன் குரலே கேட்டாலும் சொல்லாதே. அந்த வகுப்பில் முதல் பரிசு செல்லம் அக்காவுக்கு, ஒரு பிளாஸ்டிக் வாளி.

"சொல்ல முடியாதுங்க" என்றார் அக்கா.

"என்ன?"

"நீங்க அவருதான்னு எப்படி நம்புறது? அவரு கையில பதினோரு போனு இருக்கு. டின்னோட எவனாச்சும் அடிச்சுக்கிட்டுப் போயிருந்தா?"

"அதானே!" என்றார் கோவிந்தராஜ். அவரைப் பார்த்து நான் முறைத்தேன்.

"அக்கா, அண்ணன்தான்க்கா. நேரமாகுது, சொல்லுங்க!"

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, பக்கத்துல நின்னு யாரு அவசரப்படுத்துனாலும் சொல்லாதேன்னு?"

சௌமியா "அம்மா!" என்று அழுதபடி போனைப் பிடுங்கப் பார்த்தாள். அக்கா அதை மாராப்போடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். பெண்ணின் படிப்பு அந்த ஆறு எண்ணில் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். அதனால்தானே அதைத் திருடனிடம் கொடுக்க மாட்டேன் என்கிறார். மணி நாலு நாற்பத்தொன்பது.

அண்ணன் கோபப்படவில்லை. "சரி, கேளு. எது வேணா கேளு. எனக்கு மட்டும் தெரிஞ்சதா கேளு" என்றார்.

அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"சௌமியா பொறந்தப்ப மழையா, வெயிலா?"

லைன் போய்விட்டதோ என்று நான் போனை எட்டிப் பார்த்தேன். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியாது செல்லம்" என்றது குரல். "நான் எங்க இருந்தேன்? கப்பலு புயல்ல மாட்டி நங்கூரம் போட்டு நின்னுச்சு. பதினெட்டாம் நாளுதான் புள்ள மொகத்தப் பாத்தேன். மழையா வெயிலான்னு நீ சொன்னதும் இல்ல, நான் கேட்டதும் இல்ல. காது குத்துனப்பவும் இல்ல, பள்ளிக்கூடத்துல சேத்தப்பவும் இல்ல. எதுக்குமே நான் இல்ல. இது ஒண்ணுக்குத்தான் வந்து உக்காந்திருக்கேன்."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"திருடனா இருந்தா மழைன்னோ வெயிலுன்னோ அடிச்சு விட்டிருப்பான்" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். பிறகு போனைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு எண்ணாக, வகுப்பில் படிப்பது மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தார். "எட்டு. ரெண்டு. ரெண்டு. அஞ்சு. சைபர். ஒம்பது. போட்டீங்களா?"

"போட்டேன்."

"நல்ல மழைங்க அன்னிக்கு" என்றார் அக்கா.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சௌமியா போனை வாங்கிக்கொண்டாள். அழுகையும் அவசரமுமாகப் பேசினாள்.

"அப்பா, கடைசிப் பக்கத்துல… கீழ பச்சக் கலர்ல ஒரு பட்டன் இருக்கும்ப்பா. அத…"

"தெரியும்மா" என்றார் முருகையா அண்ணன். "மத்தியானத்துலேருந்து பத்து தடவ அமுக்கிட்டேன்."

நாலு ஐம்பத்துமூன்றுக்குப் பதினோராவது தடவை அமுக்கினார்.